பைராம் தோட்டமும் படத்தின் நான்கு மூலைகளும்

பினாங்குத் தீவுக்கு எதிரே, முற்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் என்றும் இக்காலத்தில் செபராங் பிறை என்றும் பெயர் பெற்ற பெருநிலப் பகுதியின் தென்கோடியில், நிபோங் திபால் பட்டணத்தை அடுத்திருக்கும் பைராம் தோட்டத்தைப் படம் பிடிக்கச் செல்லும் எவரும், மலையோ குன்றோ கண்ணைத் தடுக்காத அந்தச் சமவெளியில் பார்க்கவேண்டியதெல்லாம் உயரத்தில் அல்ல, அகலத்தில்தான் இருக்கிறது என்பதை முதல் நிமிஷத்திலேயே கண்டுகொள்வர். மேற்கே இதே பெயர் தாங்கிய சதுப்புக் காடு; அதற்கு இப்பால் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பின் செம்பனை; இவை எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் சரிபாதியை அபகரித்துக்கொள்ளும் வெளிறிய வானம். அகலத்தைப் பிடிக்க அகலக்கோண லென்ஸ் வேண்டும். வெளிறிய வானத்துக்கு உருவம் கொடுக்க லென்ஸின் முன்னால் பில்டர் என்னும் நிறக் கண்ணாடி வேண்டும். இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரத்தில் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துப் போகின்றன. போட்டோக்காரர்களின் இந்தச் சிறு உபத்திரவத்துக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு என்பதும், அந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயங்களில் பினாங்குக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

தோட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1786ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1800இல் எதிர்க்கரையும் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு மாறியது. சீனர்கள் அங்கே முன்னமேயே கரும்பு பயிரிட்டு வந்தார்கள். 1840களில் ஐரோப்பியர் பெரும் மூலதனத்தோடு அத்தொழிலில் இறங்கிய பின், பத்து காவான், கலிடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. கலிடோனியாவையும் அதைச் சார்ந்த தோட்டங்களையும் நெடுங்காலம் ஆண்ட ராம்ஸ்டன் குடும்பத்தார், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிரதேசத்திலுள்ள பைராம் என்னும் இடத்தின் பெயரால் பாரனெட் என்னும் பட்டம் பெற்றவர்கள். அந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயர்தான், நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிவந்து முள்ளும் சேறும் மிதித்துக் கரும்பு வெட்டிய தமிழரின் வாயில் இன்றளவும் ஊர்ப்பெயராகப் புழங்குகிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் கரும்பும் மறைந்து ரப்பர் வந்தது. கங்காணிகள் ஆள் சேர்க்கும் வழக்கமும் 1938இல் முடிவுற்றது. மூலை இருட்டைப் பற்றிப் பேசப் புகுந்தவன் தோட்டத்துக் கூலிச் சரித்திரத்தை ஏன் இழுக்கிறான் என்று வாசகர் கேட்கலாம். காரணம் பின்னால் தெரியும்.

1862ஆம் ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் தாம்ஸன் என்னும் ஏறக்குறைய இருபத்தைந்து வயது இளைஞர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பிற்காலத்தில் அங்கோர் ஆலயங்களையும் சீனதேசத்தையும் படம் பிடித்து உலகப் பிரசித்தி பெறப்போகிற அவர், வந்த சில காலத்துக்குள் பினாங்குக்குச் சென்று, அத்தீவிலும் எதிர்க்கரை வெல்லெஸ்லி மாகாணத்திலுமாகப் பத்து மாதங்கள் தங்கி, இயற்கைக் காட்சிகளையும் பல ஜாதி மனிதர்களையும் படமெடுத்து அங்கிருந்த ஐரோப்பியருக்கு விற்று ஜீவனம் நடத்தினார். 1875இல் வெளியிட்ட தமது பிரயாண நூலில் அந்நாட்களை நினைவுகூரும்போது அவர் ஒரு செய்தியைச் சொல்கிறார்: படத்தொழிலில் ஏதோ பிசாசு வித்தை கலந்திருப்பதாக எண்ணிச் சீனர்கள் உதவிக்கு வர மறுத்துவிட்டார்களாம்; சென்னையிலிருந்து வந்த இருவரைத் தாமே பழக்கி, படம் அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டாராம்; அவ்விருவரும் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டார்களாம். அவர்களுடைய பெயரை மாத்திரம் அவர் எழுதவில்லை.

அந்த வேலை எத்தகையது என்பதை இக்காலத்தவர் ஊகிப்பதும் அரிது. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசினை வழியவிட்டு, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் காமிராவில் வைத்துப் படமெடுத்து, ஈரம் இருக்கும்போதே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவி முடிக்கவேண்டும். பினாங்கின் வெப்பத்தில் தகடு காயும் வேகத்தையும், மூடிய கூடாரத்துக்குள் ஈதர் ஆவி தலையைச் சுற்றவைக்கும் விதத்தையும் எண்ணிப் பார்த்தால், பயந்து விலகினவர்கள் அவ்வளவு அறிவீனர்கள் அல்லர் என்றே தோன்றுகிறது. அச்சிடுவோர் வேலையோ முற்றிலும் சூரியனைச் சார்ந்தது: முட்டை வெண்கரு பூசிய காகிதத்தை நெகட்டிவுடன் சட்டத்தில் அடைத்து வெயிலில் வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்து, நிறம் ஏறியதும் எடுத்துத் தங்க உப்பிலும் ஹைப்போவிலும் தோய்த்தெடுக்க வேண்டும். எதைக் கறுக்கவிடுவது, எதை வெளுப்பாகவே நிறுத்துவது என்ற தீர்மானம் பெரும்பாலும் அச்சிடுகிறவன் கையில் இருந்தது. ஆகவே வெல்லெஸ்லி மாகாணப் படங்களின் மூலைகள் எப்படி இருக்கவேண்டும் என்பதை முதன்முதலில் கண்கொண்டு நிதானித்தவர்களில் இரண்டு சென்னைக்காரர்களும் உண்டு என்று சொல்வதில் மிகை இல்லை.

சென்னைக்கு அந்த வித்தை அதற்குள் புதிதாகவும் இல்லை. அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற வைத்தியர் நிறுவிய சென்னைக் கைத்தொழிற் பாடசாலையில் போட்டோக் கலை பயிற்றுவிக்கப்பட்டது; 1856இல் சென்னையில் ஒரு போட்டோச் சங்கமும் தோன்றியது. ராஜதானியின் உத்தியோகப் படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்தபோது, அந்தப் பாடசாலையில் பயின்ற சி. ஐயாசாமி அவருக்கு உதவியாளராய் இருந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படமாகக் காட்ட விரும்பிய டிரைப், அவ்வளவு அகலத்தைக் கொள்ளும் லென்ஸ் உலகத்தில் எங்கும் இல்லாத அந்நாளில், காமிராவை அடி அடியாக நகர்த்தி 21 நெகட்டிவ்கள் எடுத்து, அவற்றை ஒட்டிச் சேர்த்து, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரு சுருளாக ஆக்கினார். அகலத்தை ஒரே பார்வையில் விழுங்க ஆசைப்படாமல் பொறுமையோடு துண்டு துண்டாகச் சேர்த்தால் மூலை என்ற தொல்லையே எழாது. அந்தப் பழைய உபாயத்தைவிடச் சிறந்த ஒன்றை, கட்டடம் போன்ற அசையாப் பொருள் விஷயத்தில், இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

லென்ஸ் என்பது வட்டமான பிம்பத்தைத்தான் உண்டாக்குகிறது; அந்த வட்டத்துக்குள் சதுரமான தகட்டை வைத்துப் படமெடுக்கிறோம். வட்டம் போதிய அளவு பெரிதாக இல்லாவிட்டால் முதலில் வெளியே தள்ளப்படுவன மூலைகளே. கோயில் கோபுரத்தையோ கரும்பாலையின் புகைபோக்கியையோ சாயாமல் எடுப்பதற்காக லென்ஸ் பொருத்திய பலகையை மேலே உயர்த்தினால், பிம்ப வட்டமும் உடன் நகர்ந்து, வானத்தின் இரு மூலைகளும் கரிபிடித்தாற்போல் ஆகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்கள் பலவற்றில் மேற்புறம் வளைவாகவோ மூலைகள் உருட்டியோ வெட்டப்பட்டிருப்பதை நாம் அலங்காரம் என்று நினைக்கிறோம். பல சமயங்களில் அது குற்றத்தை மறைக்கும் யுக்தியே அன்றி வேறல்ல.

இந்தக் குறையைப் போக்க லென்ஸ் செய்வோர் போட்டி போட்டு முயன்றார்கள். நியூயார்க்கில் ஹாரிஸனும் ஷ்னிட்ஸரும் 1860களின் தொடக்கத்தில், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைந்த குளோப் லென்ஸைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் எமில் புஷ் கம்பெனியார் 1865இல் ஏறத்தாழ 90 பாகை அகலத்தைக் கொள்ளும் பாண்டாஸ்கோப்பை வெளியிட்டார்கள். இவை வட்டத்தைப் பெரிதாக்கின. ஆனால் பெரிய வட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் இளைத்துப்போவதை அவற்றாலும் தடுக்க முடியவில்லை. சாய்ந்து வரும் கிரணம் அதிக தூரம் செல்கிறது. லென்ஸின் துவாரம் அதன் கண்ணுக்கு ஒடுங்கித் தெரிகிறது. தகட்டிலும் அது சாய்ந்தே விழுந்து பரவுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, எளிய அமைப்புள்ள லென்ஸில், 45 பாகை சாய்ந்து வரும் கிரணத்தின் பிரகாசத்தை நடுவில் உள்ளதில் நான்கில் ஒரு பங்காக்கிவிடுகின்றன. இது எவருடைய கைப்பிழையும் அன்று. க்ஷேத்திர கணிதத்தின் தண்டனை.

அந்தத் தண்டனையை எதிர்த்து நின்ற சாதனங்களில் ஹைப்பர்கானைப்போல் வினோதமான வேறொன்றை நான் அறியேன். பெர்லினில் கெர்ட்ஸ் கம்பெனிக்காக எமில் ஃபான் ஹேக் வகுத்து 1900இல் வெளிவந்த அந்த லென்ஸ், இரண்டு மெல்லிய பிறைக் கண்ணாடிகள் கூடிய சிறு குமிழி. அதன் பார்வையோ சுமார் 135 பாகை. அவ்வளவு அகலத்தில் மூலைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், நடுவில் விழுவதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அதன் முன்னால் நட்சத்திர வடிவமான ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தி, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தால் அது சுழலும்படி செய்தார்கள். நட்சத்திரத்தின் நடுப்பாகம் தடித்தும் முனைகள் மெலிந்தும் இருப்பதால், சுழலும்போது அது படத்தின் மையத்துக்குச் செல்லும் வெளிச்சத்தை அதிகமாகவும் ஓரத்துக்குச் செல்வதைக் குறைவாகவும் மறைக்கும். பெரும்பொழுது இவ்வாறு சுழலவிட்டு, கடைசியில் சக்கரத்தைக் கீழே மடக்கிவிட்டு மையத்துக்கும் சிறிது வெளிச்சம் கொடுத்து மூடுவார்கள். லென்ஸின் முன்னால் எதை வைத்தாலும் மூலை கறுக்கும் என்பதே பொது அனுபவம்; மூலையை வெளுக்கவைப்பதற்காகவே முன்னால் ஒரு பொருளை வைத்த சாமர்த்தியம் இங்கேதான் முதலில் காணக் கிடைக்கிறது. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் தெளிவுமாக இக்காலத்துப் பெரிய காமிராக்காரர்கள் உபயோகிக்கும் மையப் பில்டர் அந்தக் காற்றாடியின் நேர் சந்ததி.

இனி நிறக் கண்ணாடி வந்த கதை. தாம்ஸன் காலத்துக் கொலோடியன் தகடு நீல நிறம் ஒன்றையே நன்றாக உணரும். பச்சையையும் மஞ்சளையும் சிவப்பையும் அறியாது. அந்தத் தகட்டில் நீல வானம் வெண்சுவராகவும், இளம்பச்சைக் கரும்பு வயல் கருங்காடாகவும், வெற்றிலை போட்ட வாய் மைபூசியதாகவும் பதியும். அதன் முன்னால் மஞ்சள் கண்ணாடியை வைப்பது கண்ணில்லாதவனுக்கு மூக்குக் கண்ணாடி கொடுப்பதற்குச் சமானம். 1873இல் பெர்லின் பேராசிரியர் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைக் கலந்தால் தகடு பச்சையையும் உணரத் தொடங்குகிறது என்று கண்டார். 1906இல் இங்கிலாந்தின் க்ராய்டன் நகரில் ராட்டன் அண்டு வெய்ன்ரைட் கம்பெனியில் சேர்ந்த கென்னத் மீஸ், எல்லா நிறங்களையும் உணரும் தகட்டையும், அதற்கேற்ற நிறப் பில்டர்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1912இல் கோடக் அதிபர் ஈஸ்ட்மன் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கி மீஸைத் தம்மோடு அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார். பில்டர்களை எண்ணிட்டு ராட்டன் இத்தனாம் நம்பர் என்று சொல்லும் வழக்கம் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது. மஞ்சள் பில்டர் நீல வானத்தை ஒரு படி இருளாக்கி மேகத்தை வெளிக்கொணரும். ஆரஞ்சு இன்னும் ஒரு படி. சிவப்போ நடுப்பகலில் புயற்காலத் தோற்றத்தையே உண்டாக்கிவிடும். வெல்லெஸ்லி மாகாணத்தைப்போல வானமே பாதிக் காட்சியாய் இருக்கும் சமவெளிக்கு இதைவிட வேண்டிய வரப்பிரசாதம் வேறில்லை.

வரத்தோடு வந்த சாபம் பித்தளை வளையம். பில்டர் தானாக நிற்காது. அதைத் தாங்க ஒரு வளையம் வேண்டும். வளையத்துக்கு உதடு உண்டு. அந்த உதடு லென்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டவருக்கு, உதடு 5 மி.மீ. முன்னே நின்றால், சுற்றிலும் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இடம் விட்டாற்போதும். அதே உதடு 35 மி.மீ. லென்ஸுக்கு 3 மி.மீ. இடம் கேட்கும், 20 மி.மீ. லென்ஸுக்கோ 5 மி.மீ.க்கு மேலும் கேட்கும். மஞ்சள் பில்டரின் மேல் இன்னொரு பில்டரையும் திருகிவிட்டால் கணக்கு இரட்டிக்கும். படக்கடைக்காரர் சொல்லும் சமாதானங்களை விட்டுவிட்டு இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும், விஷயத்தில் முக்காற்பங்கு விளங்கிவிடும்.

ஆனால் மூலை இருட்டு எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதை அறியாமல் மருந்து தேடுகிறவர்கள் மிகப் பலர். கிரணம் சாய்வதால் வருகிற இருட்டு ஒன்று. அது லென்ஸோடு பிறந்தது. துவாரத்தை முழுக்கத் திறக்கும்போது லென்ஸின் சொந்தக் குழாயே ஓரக் கிரணங்களை மறைப்பதால் வருகிற மங்கல் மற்றொன்று. துவாரத்தை இரண்டு மூன்று படி சிறிதாக்கினால் அது ஏறக்குறைய நீங்கிவிடும். பில்டர் வளையம் தரும் இருட்டு இவ்விரண்டிலும் சேராதது. துவாரம் பெரிதாக இருக்கையில் அது மெல்லிய நிழலாக மயக்கும். சிறிதாக்கினால் தீராததோடு, கத்தரித்தாற்போல் கூர்மையான கறுப்பாக மூலையில் வந்து உட்காரும். அதிலும் போகஸ் அண்மையில் இருக்கும்போது பல லென்ஸ்கள் சற்றே முன்னே நகர்ந்து பார்வையைக் குறுக்கிக்கொள்வதால் குற்றம் தெரியாமல் தப்பிவிடும். தொலைதூரத்துக்குத் திருப்பிய உடனே முகம் காட்டும். வீட்டுக் கூடத்தில் சோதித்துத் திருப்தியடைந்து, தோட்டத்து வெட்டவெளியில் ஏமாந்தவர்கள் இதனால்தான் ஏமாந்தார்கள். போதாக்குறைக்கு, சிறிய பிலிம் காமிராக்களில் பெரும்பாலானவற்றின் பார்வைக் கண்ணாடி பிலிமில் விழும் காட்சி முழுவதையும் காட்டுவதில்லை. ஓரத்தில் சிறிது மறைத்தே காட்டும். மூலையில் இருப்பது படத்தைக் கழுவிய பிறகுதான் வெளிப்படும்.

பழைய தகட்டுக் காமிராக்காரர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடப் பாக்கியசாலிகள். அவர்கள் போர்வைக்குள் தலையை விட்டுப் பார்க்கும் மங்கல் கண்ணாடியின் நான்கு மூலைகளும் சில காமிராக்களில் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டின் வழியாகக் கண்ணை வைத்து லென்ஸை நோக்கினால், மூலையில் பதியப்போகும் வெளிச்சம் லென்ஸை எவ்வாறு காண்கிறதோ அவ்வாறே நாமும் காணலாம்: துவாரம் முழு உருவில் தெரிந்தால் க்ஷேமம், அதன் ஒரு பக்கம் நறுக்கப்பட்டிருந்தால் வளையமோ மறைப்புக் குழலோ குறுக்கே நிற்கிறது, ஒன்றுமே தெரியாவிட்டால் மூலை போயிற்று. பைசாச் செலவில்லாத இந்தச் சோதனையை நான்கு மூலைகளிலும் செய்துவிட்டுத்தான் தேர்ந்த படக்காரன் தகட்டைச் செருகுவான். இவ்வளவு எளிமையும் இவ்வளவு நிச்சயமும் ஒருங்கே பொருந்திய ஒரு முறையைக் கைவிட்டுவிட்டு, பிறகு அரை நூற்றாண்டு காலம் ஊகத்தின்பேரில் வேலை செய்தோம் என்பது முன்னேற்றத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

பரிகாரங்களும் அவ்வப்போது தோன்றின. பில்டரை லென்ஸுக்கு முன்னால் வைப்பதை விட்டுப் பின்னால் வைத்தவர்கள் உண்டு. ஜெலட்டினால் ஆன பில்டர் தாள் மிக மெல்லியதாகையால் அது அதற்கு ஏற்றது. கண்ணாடிப் பில்டரைப் பின்னால் வைத்தாலோ அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போகஸ் பின்வாங்கும். ஆகையால் பில்டரைப் போட்ட பிறகுதான் போகஸ் பார்க்கவேண்டும். 1950இல் பிரான்ஸ் தேசத்து ஆஞ்ஜெனியூ, லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளி நிறுத்தும் புதிய அமைப்பைக் கொண்டுவந்த பின், கண்ணாடி மடங்கும் காமிராக்களுக்கு அகலக்கோண லென்ஸ்கள் பெருகின; அவற்றின் முன்முகம் அகன்றது; பில்டரின் குறுக்களவும் 77, 82 மி.மீ. என்று ஏறியது. 1962இல் நிக்கான் கம்பெனியார் வெளியிட்ட மீன்கண் லென்ஸ் 180 பாகையையும் விழுங்குவதாகையால் அதன் முன்னால் எதையுமே வைக்க இயலாது. பில்டர்களை லென்ஸின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சுழல்தட்டில் பதித்துவிட்டார்கள். சாமானியர் கைக்கு எட்டியவை வேறு இரண்டு: உதடு தேய்ந்த மெல்லிய வளையமுள்ள பில்டர், இல்லையேல் தேவைக்கு இரண்டு மூன்று அளவு பெரிய பில்டரை வாங்கி, படி ஏற்றும் வளையத்தால் பொருத்திக்கொள்வது. இவற்றில் நான் இரண்டாவதற்கே வாக்களிப்பேன். மெல்லிய வளையத்தின் முன்பக்கத்தில் பெரும்பாலும் திருகு இராது; மூடி சரியாக நிற்காது; பினாங்கின் புழுக்கத்தில் இறுகிப்போனால் கழற்றுவதற்குப் பிடியும் கிடைக்காது. பெரிய பில்டரோ ஒருமுறை வாங்கினால் இருக்கும் லென்ஸ்கள் அனைத்துக்கும் பயன்படும். காவலுக்கென்று எப்போதும் மாட்டியிருக்கும் வெறுங்கண்ணாடியைக் கழற்றாமல் அதன்மேலேயே நிறப் பில்டரைத் திருகும் சோம்பல்தான் இந்தக் குற்றத்துக்கு முதற் காரணம் என்பதையும் சொல்லவேண்டும்.

வளையத்தின்மேல் பழி போடமுடியாத ஓர் இருட்டும் உண்டு. 1920களின் இறுதியில் எட்வின் லாண்ட் கண்டுபிடித்த ஒளிமுனைப்புத் தாளைக்கொண்டு செய்யும் போலராய்டு பில்டர், சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தை மாத்திரமே நன்றாக இருட்டும். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கேயுள்ள நிபோங் திபால் பக்கத்தில், சூரியன் உச்சியில் நிற்கும் மத்தியானத்தில், அந்தச் செங்கோணப் பட்டை அடிவானத்தைச் சுற்றிப் படுத்திருக்கும். எத்திசை நோக்கினும் அடிவானம் ஒரே சீராக இருளும். காலையிலும் மாலையிலும் அது வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்குச் செல்லும். அப்பொழுது வடக்கு நோக்கி அகலக்கோண லென்ஸை நீட்டினால் படத்தின் நடுவே கருநீலத் தூண் ஒன்று நிற்கும், மூலைகள் வெளுத்திருக்கும். அங்கே பில்டரைக் கழற்றிப் பைக்குள் போடுவதைத் தவிர வேறு சிகிச்சை இல்லை.

தோட்டத்துக்குத் திரும்புவோம். அந்நாளில் பினாங்கு நாட்டுத் தோட்டங்களில் படமெடுப்பது என்றால் பெரும்பாலும் அது குழுப்படம்தான்: துரை ஊருக்குப் போகும்போது, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியார் மாற்றலாகும்போது, கோயில் திருவிழா முடிந்த மறுநாள், பள்ளிக்கூடத்தில் வருஷம் முடியும்போது. பட்டணத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் வருவார். ஆபீஸ் முன்றிலில் பெஞ்சுகள் போடப்படும். நடுவில் துரையும் துரைசானியும், இரு பக்கமும் கிராணிமார், அடுத்து கங்காணிகளும் தண்டல்களும், பின்வரிசையில் பால்வெட்டுக்காரர்கள், ஓரங்களில் பெண்கள், முன்வரிசை மூலைகளில், தரையில், பிள்ளைகள். தொழில் தெரிந்த படக்காரர் பெஞ்சுகளைப் பிறை வடிவாக வளைத்து, எல்லோரும் காமிராவுக்கு ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கும்படி செய்து, தாம் பின்னால் நகர்ந்து நின்று, சாதாரண லென்ஸால் எடுப்பார். பின்னால் நகர வாய்க்காலும் வேலியும் இடம் தராதபோது அகலக்கோண லென்ஸை எடுப்பவருக்கு இரண்டு தண்டனை: ஓரத்தில் நிற்பவர் முகம் பக்கவாட்டில் அகன்று விகாரப்படும், வானத்துக்காகப் போட்ட மஞ்சள் பில்டரின் வளையம் மூலையில் இருப்பவரைக் கறுப்பாக்கும். ஜன்னலை ஒட்டி நிற்பவன் தெருவின் இரு கோடிகளையும் பார்க்க, ஓரடி பின்னால் நிற்பவன் எதிர்வீட்டை மாத்திரம் பார்ப்பது போன்றதுதான் இது. தெருக்கோடியில் குடியிருப்பவன் செய்த பிழை ஒன்றுமில்லை.

அந்த வரிசையில் துரையின் பெயர் எங்கேயாவது எழுத்தில் இருக்கிறது. கிராணியின் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கும். மூலையில் இருந்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இருந்த ஒரே சாசனம் அந்தப் படம். அதிலும் அவர்கள் முகத்தின்மேல் வளையத்தின் நிழல் விழுந்தது. அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை: கறுத்த மூலை அழகாயில்லை என்று நீள்வட்டத் துளையுள்ள அட்டைக்குள் படத்தைப் பதித்து மூலைகளை மறைத்தவர் உண்டு, சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டும் என்று கத்தரியால் நறுக்கியவர் உண்டு. இக்காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் ஒரு விசையை அழுத்தி ஓரங்களை வெட்டியெறிகிறார்கள். புதிய காமிராக்களோ லென்ஸின் இயற்கையான ஓர மங்கலைத் தாமாகவே கணக்கிட்டு வெளுப்பாக்கிவிடுகின்றன. ஆனால் வளையம் அடியோடு மறைத்த மூலையில் வெளுப்பாக்குவதற்கு ஒன்றும் இராது. அரைகுறையாக மங்கிய பழைய நெகட்டிவ்களின் விஷயம் வேறு. கண்ணுக்குத் தெரியாமல் போன முகம் அதில் தெளிவாகவே பதிந்திருக்கலாம். அச்சிடும்போது அந்த இடத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தால் அது எழுந்து வரும். தாம்ஸனிடம் வேலை பார்த்த அந்த இரண்டு சென்னைக்காரர்களின் தொழில் இதுதான்.

ஆகவே நிபோங் திபாலிலும், அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்துபோன பைராம், கலிடோனியாத் தோட்டத்துக் குடும்பங்களிலும் இத்தகைய குழுப்படம் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது இது: படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க நேர்ந்தால், ஸ்டூடியோவின் பெயர் அச்சிட்ட அட்டையோடு, நான்கு மூலைகளும் விடாமல் பிரதி எடுங்கள், நெகட்டிவ் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து, நடுவிலிருந்து அல்ல, இடது ஓரத்திலிருந்து தொடங்கி, இன்னார் இன்னார் என்று கேட்டு, மையினால் அல்லாமல் மென்மையான பென்ஸிலால் படத்தின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள், ஒரு பிரதியைத் தோட்டத்துக் கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ கொடுத்துவையுங்கள்.